‘ஏழாம் அறிவு’ காணாமல் போன வர்மம்

தமிழில் அறிவியல் புனைவுப் படங்கள் அரிதாகவே வருகின்றன. வரும்போது பெரும் பொருட்செலவோடும் அதைவிடப் பெரிய அறிவிப்புகளோடும் வருகின்றன. 2011ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த ‘ஏழாம் அறிவு’ அவ்வகையில் முதன்மையானது. ‘கஜினி’ (2005) தந்த ஏ.ஆர். முருகதாஸும் சூர்யாவும் மீண்டும் இணைந்த படம்; ஹாரிஸ் ஜெயராஜின் இசை; ரவி கே. சந்திரனின் ஒளிப்பதிவு, சுருதி ஹாசனுக்குத் தமிழில் முதல் நாயகி வேடம், எதிர்நாயகனாக வியட்நாமிய மரபைச் சேர்ந்த ஜானி ட்ரை நுயென். ஆறாம் நூற்றாண்டில் காஞ்சியிலிருந்து சீனம் சென்ற போதிதருமர், இன்றைய சென்னையில் சர்க்கஸ் கலைஞனாக வாழும் அவருடைய வழித்தோன்றல், சீனத்திலிருந்து ஏவப்படும் கொள்ளைநோய்க் கிருமி, முன்னோரின் ஆற்றலை மரபணுவிலிருந்து மீட்டெடுக்க முனையும் ஒரு மாணவி. இத்தனையும் ஒரே கதைக்குள் வைக்கப்பட்டிருந்தன.

சூர்யாவுக்குக் கேரளத்தில் ரசிகர்கள் ஏராளம். ஆனால் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எல்லையோரச் சிற்றூர்களுக்கு இந்தப் படத்தை எதிர்பார்க்க நடிகரையும் தாண்டிய ஒரு காரணம் இருந்தது. படத்தின் மையத்தில் வர்மம் இருந்தது. வர்மம் அவ்வூர்களில் பழங்கதை அன்று. இடறி விழுந்து தோள் இறங்கிய பிள்ளையை இன்றும் ஓர் ஆசானிடம் தூக்கிச் செல்லும் வீடுகள் அங்கே உண்டு. தங்கள் கொல்லைப்புறத்தில் இருக்கும் கலையைத் திரை எவ்வாறு காட்டப் போகிறது என்ற ஆவல் அங்கே இயல்பாகவே எழுந்தது. அந்த ஆவலுக்கு நேர்ந்த ஏமாற்றத்தைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுடையது. ஒரு படத்தின் தோல்வி, ஒரு சமூகம் தன் அறிவைப் பற்றிக் கொண்டிருக்கும் தவறான எண்ணத்தைச் சில வேளைகளில் வெளிச்சமிட்டுக் காட்டிவிடுகிறது.

முதலில் நிறையைச் சொல்லிவிட வேண்டும். போதிதருமர் சீனம் சென்று, அஞ்சி விரட்டும் கிராம மக்களிடையே நோய் தீர்த்து, அவர்களுக்குத் தற்காப்புக் கலை கற்பித்து, கடைசியில் அவர்கள் அன்பின் பெயராலேயே இட்ட நஞ்சை அறிந்தே உண்டு அடங்கும் தொடக்கப் பகுதி செறிவானது. பேச்சு குறைவு, செயல் மிகுதி. தங்களுக்கு நன்மை செய்தவரின் உடல் தங்கள் மண்ணிலேயே இருக்க வேண்டும் என்பதற்காக அவரைக் கொல்லும் நன்றியின் கொடூரம், தமிழ்த் திரையில் அடிக்கடி காணக்கிடைப்பது அன்று. அதன்பின் சீனத் தெருக்களிலும் தமிழகத் தெருக்களிலும் ஒரே கேள்வி கேட்கப்படுகிறது: போதிதருமர் யார்? அங்குள்ளவர்கள் அறிந்திருக்கிறார்கள், இங்குள்ளவர்கள் விழிக்கிறார்கள். பார்வையாளரின் கன்னத்தில் விழும் இந்த அறை படத்தின் மிகச் சிறந்த உத்தி. அதன் பிறகான இரண்டு மணி நேரமும், தானே எழுப்பிய கேள்விக்குத் தானே விடை தெரியாமல் திணறுகிறது.

படத்தின் தலைப்பிலிருந்தே தொடங்கலாம். தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அடிப்படையில் வகுக்கிறது. தொடுவுணர்வு மட்டும் உடையவை ஓரறிவுயிர். அதனோடு சுவை, மோப்பம், பார்வை, கேள்வி எனப் படிப்படியாக ஏறி, மனம் சேரும்போது ஆறறிவு. இவ்வரிசையில் ஒவ்வோர் அறிவும் உலகத்தோடு தொடர்பு கொள்ளும் ஒரு வாயில். எனில், ஏழாவது வாயில் எது? படம் தரும் விடை, குருதியில் உறங்கும் முன்னோர் நினைவு. ஏழாவதாக ஒரு வாயிலைத் திறப்பதாகச் சொல்லிவிட்டு, வெளியுலகத்தோடு தொடர்பே வேண்டாத, உள்ளுக்குள் பூட்டிய பெட்டி ஒன்றைக் காட்டுகிறது. தலைப்பே தன் மரபுக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது.

அறிவியல் புனைவுக்கு அறிவியலை மீறும் உரிமை உண்டு. ‘எந்திரன்’ (2010) படத்தின் சிட்டி போன்ற இயந்திரம் எங்கும் இல்லை. ஆயினும் அது உணர்ச்சி பெற்ற பின் நிகழ்வன யாவும் அந்த ஒரு மீறலிலிருந்தே பிறக்கின்றன. புனைவில் ஒரு பொய்க்கு இடம் உண்டு. அந்தப் பொய்க்குள் ஒழுங்கு இருக்க வேண்டும். ‘ஏழாம் அறிவு’ தன் பொய்யைப் பொய்யாக வைத்துக்கொள்ள விரும்பவில்லை. அதை உண்மையென நம்பச் சொல்கிறது. நம்பாதவரைத் தன் இனத்தை மறந்தவராகக் காட்டுகிறது. ஆகவே கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டியதாகிறது.

ஒரு தலைமுறைக்கு 25 ஆண்டுகள் என்று கொண்டால், 1500 ஆண்டுகளில் 60 தலைமுறைகள். ஒவ்வொருவருக்கும் பெற்றோர் இருவர். அவர்தம் பெற்றோர் நால்வர். இப்படி 60 படிகள் ஏறினால் முன்னோர்க்கான இடங்கள் 11,000 கோடி கோடியைத் தாண்டும். உலகில் அத்தனை மனிதர் எக்காலத்திலும் வாழ்ந்ததில்லை. ஆகவே ஒரே முன்னோர் பல கிளைகளில் மீண்டும் மீண்டும் வருவர். அக்காலத்து ஒருவருக்கு இன்று வழித்தோன்றல்கள் இருந்தால், ஏறத்தாழ அந்நிலப்பகுதியினர் அனைவருமே அவர் வழித்தோன்றல்கள். மனித மரபணுத் தொகுதியில் உள்ள எழுத்துகள் ஏறத்தாழ 300 கோடி. ஒரே ஒரு கிளைவழியாக 60 தலைமுறைக்கு முற்பட்ட ஒருவரிடமிருந்து ஓர் எழுத்தேனும் வந்து சேர்ந்திருக்கும் என்று எதிர்பார்க்க இடமில்லை. தந்தைவழி ஒய் குரோமோசோம் பெரும்பாலும் மாறாமல் வரும் என்பது உண்மைதான். ஆனால் அதில் மூலிகைக் குறிப்போ அடவுமுறையோ எழுதப்பட்டிருக்கவில்லை.

வாழ்நாளில் ஈட்டியது கருவழியே கடத்தப்படுவதில்லை என்பதை ஆகஸ்ட் வைஸ்மன் 1880களின் இறுதியிலேயே எலிகளின் வாலைத் தலைமுறை தலைமுறையாக வெட்டிப் பார்த்து வலியுறுத்தினார். வால் வெட்டப்பட்ட எலிகளின் குட்டிகள் வாலோடுதான் பிறந்தன. மொழியியல் மாணவர்களுக்கு இதை விளக்க எலியும் வேண்டியதில்லை. தமிழ்ப் பெற்றோரின் குழந்தை பிறந்த உடனேயே பெய்ஜிங்கில் ஒரு சீனக் குடும்பத்தில் வளர்ந்தால் சீனம்தான் பேசும். அதன் குருதியில் ஒரு தமிழ் உயிரெழுத்துகூட உறங்கிக்கொண்டிருக்காது. மொழி பேசும் திறன் மனித இனத்துக்குப் பொது. குறிப்பிட்ட ஒரு மொழி, கேட்டும் பேசியும் திருத்தப்பட்டும் மட்டுமே ஒருவருக்கு உரியதாகிறது. மொழிக்குப் பொருந்தும் இவ்விதி மருத்துவத்துக்கும் சிலம்பத்துக்கும் நெசவுக்கும் பொருந்தும்.

வரலாற்றுப் பக்கத்திலும் இதே அவசரம். போதிதருமரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு கி.பி. 547 அளவில் யாங் சுவான்ஜி எழுதிய லோயாங் நகரத்து விகாரைகள் பற்றிய நூலில் உள்ளது. அது அவரைப் பாரசீகர் என்கிறது. அவருடைய மாணவராகக் கருதப்படும் தான்லின் அவரைத் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறார். காஞ்சிபுரமும் பல்லவரும் பிற்காலத்தில் இணைக்கப்பட்ட பெயர்கள். ஷாவோலின் போர்க்கலையை அவரோடு பிணைக்கும் ‘யிஜின் ஜிங்’ என்னும் நூல் 17ஆம் நூற்றாண்டுக்கு உரியது. சீன ஆய்வாளர் தாங் ஹாவோ முதலியோர் அந்தப் பிணைப்பை ஏற்கவில்லை. இவற்றுள் எதுவும் ஒரு படத்துக்குத் தடையாகாது. பாரசீகர் என்று ஓர் ஏடும் தென்னாட்டவர் என்று மற்றோர் ஏடும் சொல்லும் ஒரு மனிதர் உண்மையில் யாராக இருந்திருக்கக்கூடும் என்பது, கிருமிப் போரைவிட விறுவிறுப்பான கதை. படம் அந்தக் கதவைத் தட்டவே இல்லை.

இனி வர்மத்துக்கு வரலாம். டாங் லீ என்னும் எதிர்நாயகன் ஒருவரைக் கண்ணால் உறுத்து நோக்கிய உடனே அவர் அவனுக்கு அடிமையாகிறார். சாலையில் போவோர் வருவோர் எல்லாம் நாயகன் மீது பாய்கிறார்கள். இதற்குப் படம் இட்ட பெயர் நோக்கு வர்மம். அப்பெயர் கற்பனை அன்று. படுவர்மம், தொடுவர்மம், தட்டுவர்மம், நோக்குவர்மம் என வர்ம மரபே வகுத்துச் சொல்கிறது. 108 வர்மங்களில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்பது ஆசான்கள் சொல்லும் கணக்கு. சுசுருத சங்கிதை சொல்லும் 107 மர்மங்களிலிருந்து இது எண்ணிக்கையிலும் பெயரிலும் முறையிலும் வேறுபட்டது. வட கேரளக் களரி ஒரு மரபு என்றால், கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் வரை பரவிய தெற்கன் களரியும் அடிமுறையும் மற்றொரு மரபு. இதன் ஆதி ஆசானாகச் சொல்லப்படுபவர் அகத்தியர். அவர் பெயர் தாங்கிய மலையில் பிறந்து வரும் நெய்யாறுதான் அந்த ஊருக்கும் பெயர் தந்தது. பிலிப் சரில்லி 1998இல் வெளியிட்ட களரி பற்றிய நூலும், கன்னியாகுமரி மாவட்டத்தில் களப்பணி செய்து ரோமன் சீலர் 2015இல் வெளியிட்ட வர்மம் பற்றிய நூலும் இம்மரபின் அடிப்படைப் பண்பு ஒன்றைத் தெளிவாக்கின: இங்கே அடியும் மருந்தும் ஒரே அறிவின் இரு கைகள். எந்தப் புள்ளியில் தாக்கினால் உயிர் ஒடுங்குமோ, அதைத் தெரிந்தவரே அதை மீட்கவும் தெரிந்தவர். மீட்கும் முறைக்கு இளக்கு என்று பெயர். மீட்கும் புள்ளிகளுக்கு அடங்கல் என்று பெயர்.

பாறசாலைக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில், முறிவெண்ணெயும் கட்டுத்துணியுமாக வாழ்ந்து முதிர்ந்த ஓர் ஆசானின் வீட்டில், தொலைக்காட்சியில் இந்தப் படம் ஓடியது. கல்லூரியில் படிக்கும் பேரன்தான் அவரை அழைத்து உட்கார வைத்தான். டாங் லீ சாலையில் நின்று கண்ணை விரித்ததும் பேரன் ஆர்வத்தோடு திரும்பி, “அப்பூப்பா, இது நம்ம நோக்கு தானே?” என்றான். கிழவர் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கண்ணெ உருட்டினா நோக்கு ஆவுமா மக்களே? வாசல்ல ஒருத்தன் நடந்து வரும்ப, அவனுக்கு எங்க அடி பட்டிருக்குன்னு பாத்து அறியணும். அதுக்குத்தான் நோக்கு. அதுக்கு எனக்குப் பத்துப் பதினஞ்சு வருசம் பிடிச்சு.”

படம் முடியும் வரை அவர் எழவில்லை. முடிந்தபின் ஒன்று மட்டும் கேட்டார்: “அடிச்சவன் எத்தனை பேரு! இளக்கி விட்டவன் ஒருத்தன் உண்டா?”

இப்படத்தைப் பற்றி எழுதப்பட்ட மதிப்புரைகள் எவற்றிலும் இடம்பெறாத, ஆனால் எல்லாவற்றிலும் இடம்பெற்றிருக்க வேண்டிய கேள்வி இது. வர்மத்தை வியந்து எடுக்கப்பட்ட படத்தில் வர்மத்தின் ஒரு கை இல்லை. போதிதருமர் நோய் தீர்ப்பதாகத் தொடங்கிய கதை, அந்தத் தீர்க்கும் அறிவை நவீனப் பகுதிக்குக் கொண்டுவரும்போது அதைச் சண்டையாகச் சுருக்கிவிட்டது. மருந்தை முடிவில் ஒரு செய்தியாகவும் ஒரு சொற்பொழிவாகவும் ஒட்டவைத்தது.

குறை இதோடு நிற்கவில்லை. அறிவு குருதியில் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால், எல்லையோர மக்களுக்கு அதில் இடம் எங்கே? 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பட்டியலில் இருந்த நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கோடு களியக்காவிளைக்கும் இஞ்சிவிளைக்கும் நடுவே விழுந்தது. இரண்டு ஊர்ப்பெயர்களும் ‘விளை’ என்றே முடிகின்றன. தோட்ட நிலத்தைக் குறிக்கும் அச்சொல்லைக் கோட்டால் பிரிக்க இயலவில்லை. கோட்டின் இருபுறமும் மரச்சீனி மரச்சீனிதான், சக்கை சக்கைதான், ஏத்தன் குலை ஏத்தன் குலைதான். நெய்யாற்றின்கரையின் மலையாளம் தமிழ் கலந்தது என்று வடக்கே உள்ளவர்களுக்குச் சிரிப்பு. 2005இல் வந்த ‘ராஜமாணிக்கியம்’ படத்தில் மம்மூட்டி பேசிய திருவனந்தபுரத்து வழக்குக்கு எழுந்த கைதட்டலில் அந்தச் சிரிப்பும் கலந்திருந்தது. அதே வட்டாரத்தின் தமிழ் மலையாளம் கலந்தது என்று மதுரைக்கும் சென்னைக்கும் சிரிப்பு. இருபுறமும் கலப்படம் எனக் கருதப்படும் இவ்வழக்கில்தான் வர்மத்தின் சொற்கள் உயிரோடு இருக்கின்றன. பல ஆசான்களின் மாணவர்கள் வீட்டில் மலையாளம் பேசுபவர்கள். ஆசானின் சாதியோ சமயமோ அல்லாதவர்கள். படத்தின் கொள்கைப்படி இவர்களுக்கு இந்த அறிவு வந்திருக்கவே கூடாது. ஆனால் வந்திருக்கிறது. காலையில் எழுந்து வந்து கற்றவர்களுக்கு வந்திருக்கிறது.

நினைவைக் குறிக்க அவ்வூர்களில் வழங்கும் சொல் ‘ஓர்மை’. பொதுத்தமிழில் அருகிய இச்சொல், குமரித் தமிழிலும் மலையாளத்திலும் அன்றாடச் சொல். ‘ஓர்’ என்னும் வினையடி, ஆராய்தலையும் கருதுதலையும் குறிப்பது. ஆகவே ஓர்மை என்பது தானாக வந்து கிடப்பது அன்று; ஓர்ந்து ஓர்ந்து காப்பது. முருகதாஸின் இரு படங்களுமே நினைவைப் பற்றியவை என்பது கவனிக்கத்தக்கது. ‘கஜினி’யின் நாயகனுக்கு நினைவு 15 நிமிடங்களில் அழிகிறது; அதைக் காக்க அவன் தன் உடம்பிலேயே பச்சை குத்தி எழுதுகிறான், படம் எடுக்கிறான், குறித்து வைக்கிறான். அது ஓர்மை. ‘ஏழாம் அறிவு’ நாயகனுக்கு 1500 ஆண்டு நினைவு ஒரே நாளில் உழைப்பின்றிக் கிட்டுகிறது. முதல் படம் நெஞ்சில் தங்கியதற்கும் இரண்டாவது தங்காததற்கும் காரணம் இதற்குள்ளேயே இருக்கலாம்.

2020இல் கொரோனா பரவியபோது இப்படம் தீர்க்கதரிசனமாக மறுபிறவி எடுத்தது. சீனம் கிருமியை ஏவும் காட்சிகள் கைபேசிகளில் சுற்றின. நாட்டின் பல நகரங்களில் வடகிழக்கு மாநிலத்தவர் முகத்தைக் காரணமாக வைத்து அவமதிக்கப்பட்ட அதே மாதங்கள் அவை. இனத்தையே அறிவாகவும் இனத்தையே நோயாகவும் காட்டும் கதை, திரையரங்கை விட்டு வெளியே வந்தால் என்ன செய்யும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இதற்கிடையில் உண்மையான வர்மத்துக்கு நேர்ந்தது வேறு. திருவிதாங்கூர்-கொச்சி மருத்துவர்கள் சட்டம், 1953 நடைமுறையில் இருந்தபோது, அதன்படி பதிவு பெறாதவர் மருத்துவம் செய்தல் ஆகாது என்றிருந்தது. பரம்பரை வைத்தியர்கள் தொடுத்த வழக்கில், உரிய தகுதியும் பதிவும் இன்றி மருத்துவம் செய்ய இயலாது என்று உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரலில் உறுதி செய்தது. நோயாளியின் பாதுகாப்பு கருதும் அத்தீர்ப்பின் நியாயத்தை எளிதில் மறுத்துவிட முடியாது. எலும்பு முறிவைத் தவறாகக் கட்டியதால் கை கோணிப்போனவர்களும் உண்டு. ஆனால் ஏட்டில் தகுதி பெற்றவரிடம் இந்தச் சொற்களும் விரல்களும் இல்லை. இவை உள்ளவரிடம் தகுதிச் சான்று இல்லை. இருவரும் ஒரே அறையில் அமர ஓர் ஏற்பாடும் நடக்கவில்லை. திரையில் பெருமிதத்தோடு கைதட்டிய சமூகம், அந்த அறையைக் கட்டச் சொல்லி யாரையும் கேட்கவும் இல்லை.

மொழி, வரலாறு, மருத்துவம் பயிலும் மாணவர்களுக்கு இங்கே செய்யத்தக்க வேலை கண்முன் கிடக்கிறது. மேற்சொன்ன ஆசானின் வீட்டில் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் இருக்கிறது. அதிலுள்ள வர்மப் பாட்டுகள் தமிழ், எழுத்து மலையாளம். தம் ஆசான் சொல்லச் சொல்ல, பள்ளியில் கற்ற எழுத்தில் அவர் இளமையில் எழுதிக்கொண்டவை. தமிழ் எழுத்து ககரத்தின் வல்லொலியையும் மெல்லிய ஒலியையும் பிரித்துக் காட்டாது. மலையாள எழுத்து காட்டும். ஆகவே அந்த நோட்டுப் புத்தகத்தில் பாட்டு மட்டும் இல்லை. அவருடைய ஆசான் அதை எப்படி ஒலித்தார் என்பதும் பதிவாகியிருக்கிறது. காரியவட்டத்தில் உள்ள கேரளப் பல்கலைக்கழகச் சுவடி நூலகத்தில் காப்பிடப்பட்ட ஏடுகளுக்குத் துணையாக, இத்தகைய நோட்டுகள் எத்தனை வீடுகளின் பரண்களில் கிடக்கின்றன என்று எண்ணுவதற்கே ஒரு முனைவர் பட்டக்காலம் போதாது.

பேரனுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆனால் நோட்டைத் திறந்து மலையாள எழுத்துகளைக் கூட்டி வாசிக்கிறான். அவன் வாயில் தமிழ்ப் பாட்டு வருகிறது. பாதிச் சொற்களுக்குப் பொருள் தெரியாமல்தான் வாசிக்கிறான். கிழவர் கண்ணை மூடிக் கேட்கிறார்; ஓரிடத்தில் நிறுத்தச் சொல்லி, அவன் கையைப் பிடித்துத் தம் தோளில் ஓரிடத்தில் வைத்து, “இது தான்” என்கிறார். விரல் ஓர் அங்குலம் தள்ளிப் போயிருக்கிறது. மறுபடியும் வைக்கச் சொல்கிறார்.